சேனை வைக்க வந்தவர்கள்

"உதவிக்கு வர்றோம்" என்று யாராவது போனில் சொன்னால் இன்றைக்கும் நான் முதலில் வாசல் தாழ்ப்பாளைத்தான் பார்ப்பேன். எங்கள் சொந்தத்தில் உதவி என்பது ஒரு பையில் அடங்கிவிடும். மாற்றுத்துணி, போன் சார்ஜர், பாதி கறுத்துப்போன ஒரு சீப்பு வாழைப்பழம், மீதி இடம் முழுக்க அபிப்பிராயம். பழத்தை நம் கையில் கொடுத்துவிட்டு அபிப்பிராயத்தைக் கூடத்தில் கடைவிரிப்பார்கள். ஊருக்குத் திரும்பும்போது பழம் போயிருக்கும், அபிப்பிராயம் மட்டும் அப்படியே கிடக்கும்.

என் இரண்டாவது பிள்ளை, மகன், டாக்டர் குறித்துக் கொடுத்த நாளுக்கு முன்னாலேயே அவசரப்பட்டுப் பிறந்துவிட்டான். ஒரு முழங்கைக்குள் அடங்கும் அளவுதான் இருந்தான். அழுதால்கூடச் சத்தம் வராது, வாய் மட்டும் திறந்து மூடும். குழந்தை டாக்டர் அவனைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் தெளிவாகச் சொன்னார். "எடை ரொம்பக் கம்மிம்மா. வயிறு இன்னும் சரியாப் பக்குவப்படல. தாய்ப்பால் மட்டும்தான். தண்ணி கூட வேணாம். வேற எது வாயில போனாலும் இவன் தாங்க மாட்டான்." நான் தலையாட்டினேன். அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன், எனக்கு இனிமேல் ஒரே வேலைதான். இந்த வாய்க்குள் என் பாலைத் தவிர எதுவும் போகக்கூடாது.

டாக்டர் என்னிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது வார்டு வாசலில் வேறொரு பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது. சேனை யார் வைப்பது?

பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாகத் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைப்பதை எங்கள் பக்கம் சேனை வைப்பது என்பார்கள். யார் வைக்கிறார்களோ அவர்களுடைய குணம் குழந்தைக்கு வருமாம். இதில் எனக்குப் புரியாத ஒன்று உண்டு. என் குணம் இந்தக் குழந்தைக்கு வர வேண்டாம் என்று சொல்லி ஒதுங்கிய ஒரு ஆளைக்கூட நான் பார்த்ததில்லை. அத்தனை பேருக்கும் தங்கள் குணத்தின் மேல் அவ்வளவு திருப்தி.

என் மாமனார் கீழ்பென்னாத்தூரில் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிறவர். சொந்தத் தம்பியோடு வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை அறுந்து எத்தனையோ வருடம் ஆகிறது. தம்பி வீட்டுக் கல்யாணத்தன்று வேண்டுமென்றே வயலில் போய் நின்றவர். "எங்க வம்சத்துப் பையன். நான்தான் வெக்கணும். என் மாதிரி விட்டுக் குடுக்காதவனா வளரணும்" என்றார். அடேங்கப்பா, அந்தக் குணம் ஒன்றுதான் குறைச்சல்!

என் மாமியார், கோபம் வந்தால் நாள்கணக்கில் யாரோடும் பேசாமல் பாத்திரங்களை மட்டும் பேச விடுகிறவர், "பையனுக்குப் பாட்டி வெச்சாதான் பொறுமை வரும்" என்றார். அவருடைய தங்கை, நான் சின்ன அத்தை என்று கூப்பிடுகிறவர், ஒரு வீட்டுச் சங்கதி அடுத்த வீட்டுக்குப் போகும் வேகத்தில் பஸ்கூடப் போகாது, அவரும் தன் வாய்சாமர்த்தியம் குழந்தைக்கு வரட்டும் என்று வரிசையில் நின்றார். இவர்களை மட்டும் சொல்லி என்ன? என்னைப் பெற்ற அம்மா போளூரிலிருந்து வந்து இறங்கியதே இதற்குத்தான். "எங்க வீட்டுப் பக்கமும் ஒரு நியாயம் இருக்குதில்ல, சம்பந்தி?" என்று ஆரம்பித்தார். தொட்டதற்கெல்லாம் பயப்படுகிற என் அம்மாவின் குணமும் ஏலத்தில் வந்து நின்றது.

நர்ஸ் வந்து எல்லோரையும் துரத்தினார். "தேன், கீன் எதுனா உள்ள வந்துச்சு, நேரா டாக்டர்கிட்ட சொல்லிடுவேன்" என்றார். அந்த அம்மா நன்றாக இருக்க வேண்டும்.

என் மூத்தவள் பெண். எல்கேஜி படிக்கிறாள். அவள் பிறந்தபோது சேனைக்கு யாரும் அடித்துக்கொள்ளவில்லை. யார் வைத்தது என்று பிறகு கேட்டால் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. பையன் என்றதும் மட்டும் எல்லோருக்கும் தங்கள் குணத்தின் அருமை தெரிந்துவிட்டது. இதை நான் முகத்துக்கு நேராகவே சொன்னேன். "பிள்ள பெத்தவளுக்கு இவ்ளோ வாய் ஆகாதும்மா, உடம்புக்கு" என்று மாமியார் சொல்லிவிட்டார்.

வார்டில் படுத்தபடியே அவர்கள் நான்கு பேரிடமும் சொன்னேன். "டாக்டர் சொன்னது கேட்டுச்சில்ல? சேனையும் வேணாம், ஒண்ணும் வேணாம். யாரும் வெக்கக் கூடாது." நான்கு பேரும் "சரிம்மா" என்றார்கள். எங்கள் வீட்டில் யாரும் எதற்கும் ஒரே பேச்சில் சரி என்று சொன்னது கிடையாது. அந்த அதிசயம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் தாண்டிப் புதிதாக வந்த வீடுகளில் ஒன்றின் மாடியில் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையலறை. அதற்குள் உதவி வந்து நிரம்பியது. மாமனார் கூடத்தில் நாற்காலியைப் போட்டு, போனில் செய்திகளைச் சத்தமாக வைத்துக் கேட்டபடி உதவினார். சின்ன அத்தை குழந்தையைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டு, யார் யார் பார்த்தார்கள், யார் பார்த்தும் ஒன்றும் போடவில்லை என்று எங்களுக்குச் சொல்லி உதவினார். அம்மாவும் மாமியாரும் எனக்குப் போட வேண்டிய பத்தியச் சாப்பாட்டில் பூண்டு எவ்வளவு என்பதில் மோதிக்கொண்டு உதவினார்கள். அம்மா வைத்த குழம்பை மாமியார் மோந்து பார்த்து, "எங்க பக்கம் இவ்ளோ காரம் ஜாஸ்தி போட மாட்டோம்" என்பார். மாமியார் செய்த கருவாட்டை அம்மா தட்டில் ஓரமாக ஒதுக்கி வைப்பார். இரண்டையும் தின்று தீர்க்க வேண்டியவள் நான்.

என் கணவர் டவுனில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். அவர் இந்தப் பக்கம் பேசினால் இந்தப் பக்கம் தலையாட்டுவார், அந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம். "பெரியவங்க, விடு" என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே தீர்ப்பு. சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விடுவார்.

உண்மையாக உதவ ஒருத்தர் வந்திருந்தார். என் கணவரின் அக்கா, என் நாத்தனார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவருக்குக் குழந்தை இல்லை. வந்த அன்றைக்கே அவரைச் சமையலறைக்குள் அனுப்பிவிட்டார்கள். சமையல், பாத்திரம், என் துணி, குழந்தைத் துணி, இவர்கள் எல்லோருக்கும் வேளாவேளைக்குக் காபி, அத்தனையும் அவர் தலையில். மூத்தவளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதும் அவர்தான். தம்பி வந்ததிலிருந்து என் பெண்ணை யாரும் ஏறெடுத்துப் பார்க்காததால், அந்த இரண்டு பேரும் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து தங்களுக்குள் ஏதாவது பேசிக்கொண்டிருப்பார்கள். அங்கிருந்து பார்த்தால் கூடமும் தெரியும், அறையும் தெரியும்.

குழந்தையை மட்டும் அண்ணி கையில் கொடுக்க மாட்டார்கள். காரணத்தை நேராகச் சொல்லவும் தைரியம் கிடையாது. ஒரு நாள் "உனக்குச் சளி புடிச்சிருக்குது" என்பார்கள். சளியே இருக்காது. ஒரு நாள் "அடுப்புல வேல பாத்துனு வந்த கை" என்பார்கள். சின்ன அத்தை ஒருநாள் கொஞ்சம் தாராளமாகவே சொல்லிவிட்டார். "பிள்ள இல்லாதவங்க பாத்தா ஏக்கம் இருக்குமில்ல, அது குழந்தைக்கு ஆகாது. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்." நல்லதாம்! தன் கூடப் பிறந்த அக்கா பெண்ணிடம், முகத்தைப் பார்த்து. பக்கத்தில் நின்ற மாமியார், பெற்ற தாய், ஒரு வார்த்தை தடுக்கவில்லை. குழந்தைத் துணியை மடிப்பதில் அவருக்குத் திடீரென்று அவ்வளவு கவனம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படுக்கையிலிருந்து எழுந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையலறை வாசலுக்கே போனேன். "இந்தாங்க அண்ணி, வாங்குங்க" என்று நீட்டினேன்.

அண்ணி கையை நீட்டவில்லை. புடவைத் தலைப்பில் கையைச் சுற்றிக்கொண்டு ஒரு அடி பின்னால் போனார். "வேணாம்மா. நாளைக்கு இவன் தும்மினாக் கூட என் மேலதான் வந்து விழும். நான் இங்கருந்தே பாத்துக்கறேன்" என்றார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. மாமியார் பின்னாலேயே வந்து, "வெயில்ல ஏன் புள்ளையத் தூக்கினு அலையுற" என்று குழந்தையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். சமையலறையில் ஏது வெயில்?

குழந்தை தேறத் தொடங்கினான். டாக்டரிடம் போனபோது எடை கொஞ்சம் ஏறியிருந்தது. கொஞ்சம்தான், ஆனால் ஏறியிருந்தது. திரும்பி வரும் வழியில் ஆட்டோவிலேயே அழுதேன். "இன்னும் தாய்ப்பால் மட்டும்தானே?" என்று டாக்டர் கேட்டதும், "அது மட்டும்தான்" என்று நான் மார்தட்டியதும் நினைவிருக்கிறது.

அந்த வாரத்திலிருந்து கூடத்தில் மாட்டியிருந்த நாள்காட்டிக்கு மவுசு கூடியது. தினமும் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர். மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் முன்னால் நிற்பார். அவர் நகர்ந்ததும் மாமியார் வருவார், மேல் தாளைத் தூக்கி அடுத்த தாள்களைப் பார்ப்பார். சின்ன அத்தை பார்ப்பார். அம்மாகூட ஒரு நாள் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தார். "என்னம்மா பாக்கற?" என்று கேட்டதற்கு, "பௌர்ணமி என்னிக்குன்னு பாத்தேன்" என்றார். கிரிவலம் போகத்தான் என்று நம்பிவிட்டேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்கள் வீடு சத்திரம்தான். சொந்தக்காரர்கள் வந்து செருப்பை விட்டு, பையை வைத்து, மலையைச் சுற்றிவிட்டு வந்து, வெந்நீர் கேட்பார்கள். இந்தத் தடவை குழந்தையைப் பார்க்கிற சாக்கும் சேர்ந்திருந்தது.

பௌர்ணமிக்கு முதல் நாள் சாயந்திரம் தெருவில் ஒரு ஆள் கழுதையை ஓட்டிக்கொண்டு போனான். "கழுதப் பாலு, கழுதப் பாலு" என்று கத்திக்கொண்டே போவார்கள். குழந்தைக்கு ஒரு சங்கு கொடுத்தால் சளி பிடிக்காது, குரல் கணீரென்று வரும் என்று இந்த ஊரில் படித்தவர்கள்கூட வாங்குகிறார்கள். சத்தம் கேட்டதும் நான் அறையிலிருந்தே சொன்னேன். "யாரும் அதக் கூப்பிட வேணாம்." சின்ன அத்தை, "அய்ய, நான் எதுக்குக் கூப்பிடப் போறேன்? வேடிக்க பாக்கத்தான் கீழ போறேன்" என்று இறங்கிப் போனார். நான் குளிக்கப் போனேன்.

குளித்துவிட்டு வந்தபோது சமையலறை வாசலில் அண்ணி நின்றிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், கூடத்தில் இருந்தவர்களைப் பார்த்துவிட்டு, "குழந்தைய நீயே கிட்டக்க வெச்சுக்கம்மா. கண்ண மூடாத" என்று மட்டும் சொன்னார். நான் அதைப் பெரியவர்கள் வழக்கமாகச் சொல்லும் வார்த்தையாக எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் பௌர்ணமி. விடிந்ததிலிருந்து குழந்தைக்குத் தண்ணீராகப் போனது. துணி மாற்றி முடிப்பதற்குள் அடுத்த துணி. பாலுக்கு வாய் வைக்கவில்லை. உதடு காய்ந்து, உச்சிக்குழி உள்ளே போயிருந்தது. நேற்று வரைக்கும் என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்த கை துவண்டு கிடந்தது. நான் கத்திய கத்தில் எல்லோரும் வந்து நின்றார்கள்.

"கண்ணு பட்டுடுச்சு" என்றார் மாமியார். சொல்லும்போது அவர் பார்வை சமையலறைப் பக்கம் போனது. சின்ன அத்தை உடனே உப்பும் மிளகாயும் எடுக்க ஓடினார். அண்ணி உள்ளேயிருந்து வந்து, முதல் தடவையாக அந்த வீட்டில் குரலை உயர்த்தினார். "சுத்திப் போட இதுவா நேரம்? ஆட்டோ கூப்புடுடா!" என்று தம்பியை அதட்டினார். என் கணவர் கடைசியில் ஒரு பக்கமாகத் தலையாட்டினார்.

ஆட்டோவில் அத்தனை பேரும் ஏறினார்கள். எவ்வளவோ சொன்னேன். "உன்னைத் தனியா விட்டுட்டு நாங்க வீட்ல எப்படி இருக்கறது?" என்றார் மாமனார். டவுனுக்குள் நுழையும் இடத்தில் போலீஸ் தடுப்பு. பௌர்ணமிக்கு உள்ளே வண்டி விட மாட்டார்கள் என்று ஆட்டோக்காரருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். இறங்கி நடந்தோம். எங்கிருந்தெல்லாமோ வந்த கூட்டம் அரோகரா சொல்லிக்கொண்டு எதிரில் வந்துகொண்டிருந்தது. மூத்தவளை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணி முன்னால் போனார். "வழி விடுங்க சாமி, பச்சக் குழந்த, உடம்பு சரியில்ல, வழி விடுங்க" என்று அவர் கையால் விலக்கிக்கொண்டே போக, பின்னால் நான் குழந்தையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன். தையல் போட்ட இடத்தில் வலி தெறித்தது. என் உதவிக்கு வந்தவர்கள் எங்கேயோ பின்னால், யார் செருப்பை யார் மிதித்தது என்று பேசிக்கொண்டு வந்தார்கள்.

குழந்தையைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது. நர்சை அழைத்து ஏதேதோ சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "என்ன குடுத்தீங்க?"

"பால் மட்டும்தான் டாக்டர். என் பால் மட்டும்தான்."

"அது இல்ல. வேற எதோ உள்ள போயிருக்கு. சுத்தி நிக்கிறீங்களே, யாராவது சொல்லுங்க. திட்டறதுக்குக் கேக்கல. என்னன்னு தெரிஞ்சா நான் சீக்கிரமா வைத்தியம் பாப்பேன். நேரம் போகுது."

நான்கு பேர் வாயிலும் கொழுக்கட்டை. மாமனார் சுவரில் இருந்த போஸ்டரை வாசித்தார். வரப்பில் ஒரு சாண் விட்டுக் கொடுக்காத மனிதர், அந்த நேரத்தில் அந்த அறையையே விட்டுக்கொடுத்துவிட்டுக் கிளம்பத் தயாராக இருந்தார். மாமியார் முந்தானையைச் சரி செய்தார். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. ஊர்ச் சங்கதியெல்லாம் பேசுகிற சின்ன அத்தைக்குக் குரலே இல்லை. குழந்தை அங்கே மேஜை மேல் சத்தமில்லாமல் வாயைத் திறந்து மூடினான். எனக்கு அவர்களைக் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. "சொல்லித் தொலைங்களேன்!" என்று அலறினேன்.

"நாங்க என்னத்தக் கண்டோம்?" என்றார் சின்ன அத்தை, கடைசியாகக் குரல் வந்தவராக. "வீட்டுக்குள்ள, அடுப்படியில பொழங்கறது அவதான்." கண்ணால் அண்ணியைக் காட்டினார்.

அண்ணி மூத்தவளை இடுப்பிலிருந்து இறக்கி விட்டார். முன்னால் வந்து நின்றார்.

"நான்தான் டாக்டர் குடுத்தேன். எல்லாம் நேத்துதான். காலையில தேன், விரல்ல தொட்டு. கொஞ்ச நேரம் கழிச்சு சர்க்கரத் தண்ணி, பச்சத் தண்ணியில கலந்தது. சாயந்திரம் உரை மருந்து, ஜாதிக்கா, மாசிக்கா, வசம்பெல்லாம் கல்லுல ஒரசினது. அப்புறம் கழுதப் பால். ஒரு சங்கு நிறைய. காய்ச்சல."

டாக்டர் அவரைத் திட்டினார். எப்படித் திட்டினார் என்று நான் இங்கே எழுத மாட்டேன். பார்க்கப் படித்த மாதிரி இருக்கிறாயே என்பதில் ஆரம்பித்து, உன் பிள்ளையாக இருந்தால் செய்வாயா என்பது வரைக்கும் போனார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டு அத்தனையும் வாங்கிக்கொண்டார். ஆனால் டாக்டர் திட்டிக்கொண்டே கையை நிறுத்தவில்லை. ஊசி, டிரிப்ஸ், ஏதோ பரிசோதனைக்கு எழுதுவது எல்லாம் நடந்தது. "இப்பவாவது சொன்னீங்களே" என்று சொல்லிக் குழந்தையை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள்.

எங்களை வெளியே நிற்க வைத்தார்கள். கதவு மூடியதும் நான்கு பேருக்கும் பேச்சு வந்துவிட்டது. எவ்வளவு பேச்சு! "அடிப்பாவி, எங்க வீட்டு வாரிசு" என்றார் மாமனார், பெற்ற மகளைப் பார்த்து. "நான் அப்பவே நெனச்சேன்" என்றார் சின்ன அத்தை. மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். என் அம்மா, "ஏக்கத்துல பண்ணிட்டா, பாவம்" என்று மன்னித்தே விட்டார். என்ன பெரிய மனசு! என் கணவர் அவர்கள் பக்கமும் பார்த்தார், அக்கா பக்கமும் பார்த்தார், வழக்கம்போல. அண்ணி மூத்தவளின் தலையைக் கோதிக்கொண்டு ஜன்னல் ஓரமாக நின்றார்.

நான் எழுந்து அவர்கள் நடுவில் போய் நின்றேன். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவங்க எப்பக் குடுத்தாங்க?"

"அவளே ஒத்துக்கினா, இன்னும் என்ன?" என்றார் மாமியார்.

"அது கேட்டுச்சு அத்தை. எப்பக் குடுத்தாங்கன்னு கேக்கறேன். குழந்தைய அவங்க கையில எப்பக் குடுத்தீங்க? பொறந்ததுலருந்து ஒரு தடவை? சளின்னீங்க, அடுப்புக் கைன்னீங்க, ஏக்கம்னீங்க. தொடவே விடல நீங்க. தொடாமலே ஒரு சங்குப் பால ஊத்திட்டாங்களா? சொல்லுங்க!"

சின்ன அத்தை ஏதோ சொல்ல ஆரம்பித்து மாமியாரைப் பார்த்தார். மாமியார் மாமனாரைப் பார்த்தார். மாமனார் என் அம்மாவைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கே முழுசாகப் புரிந்தது, அவர்களுக்கும் புரிந்தது. ஒருத்தர் வைத்தது இன்னொருத்தருக்குத் தெரியாது. தான்தான் முதல் ஆள் என்று நான்கு பேரும் நினைத்திருக்கிறார்கள். நான்கு பேரும் ஒரே காலண்டரைத்தான் பார்த்திருக்கிறார்கள். வளர்பிறை, நல்ல நாள், நல்ல நேரம். ஒரே நாள் மாட்டியிருக்கிறது. காலை நல்ல நேரத்தில் இரண்டு பேர், மாலை நல்ல நேரத்தில் இரண்டு பேர். ஒரு முழங்கை நீளக் குழந்தையின் நாக்கில் நான்கு பேருடைய குணமும் ஒரே நாளில் இறங்கியிருக்கிறது.

"நான் ஒரு சொட்டுதான் வெச்சேன்" என்றார் மாமனார், மெதுவாக.

"ஒரு சொட்டு, சாமி சத்தியமா" என்றார் மாமியார்.

என் அம்மா அழ ஆரம்பித்தார். "ஒரசி லேசாத் தொட்டு வெச்சேன், அவ்ளோதான். வயித்துக்கு நல்லதுன்னு..." சின்ன அத்தை மட்டும் சொட்டுக் கணக்குச் சொல்லவில்லை. சங்கைச் சொட்டு என்று சொல்ல அவர் வாய்சாமர்த்தியத்துக்கே முடியவில்லை போலிருக்கிறது.

"குழந்த பொழச்சுதுன்னா, அது இவங்க சொன்னதால" என்றேன். "உங்க நாலு பேர் குணத்துல எது வந்தாலும் நான் அடிச்சுத் திருத்திக்கறேன். ஆனா வாயத் தொறக்க வேண்டிய நேரத்துல மூடினு நின்னீங்க பாருங்க, அது மட்டும் என் புள்ளைக்கு வரக் கூடாது." இன்னும் என்னென்னவோ சொன்னேன். பிள்ளை பெற்ற உடம்புக்கு ஆகாத அளவுக்குச் சொன்னேன்.

பிறகு அண்ணியிடம் போனேன். "நீங்க ஏன் அண்ணி உங்க மேல போட்டுக்கினீங்க? அவங்கதான்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"அவங்கன்னு சொன்னா, நான் இல்லன்னு நாலு பேரும் சண்ட போட்டுனு நிப்பாங்க. டாக்டர் நேரம் போகுதுன்னு சொல்லினே இருந்தாரு" என்றார். "எப்படியும் என் மேலதான் வரப் போவுது. முன்னாலயே சொல்லிட்டா மருந்தாவது சீக்கிரம் போடுவாங்கன்னு பாத்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "நேத்து வாசப்படியிலருந்து பாத்ததுமே உன்கிட்ட சொல்லியிருக்கணும். நம்புவியோ மாட்டியோன்னு பயந்துட்டேன்" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

குழந்தை பிழைத்துவிட்டான். ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தோம். டிரிப்ஸ் எடுத்த பிறகு ஒருநாள் அவனே வாயைத் திருப்பிப் பால் தேடினான். கூடத்தில் காலண்டர் பார்த்தவர்கள் யாரும் அந்த நாட்களில் வார்டுக்குள் வரவில்லை. நான் வர விடவில்லை. என் அம்மாவையும் சேர்த்துத்தான். மாமனார் மட்டும் மாமியாரிடம், "எல்லாருக்கும் முன்னாடி வெச்சது நீயா, நானா?" என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்து விசாரித்ததாக என் கணவர் வந்து சொன்னார். அவ்வளவு நடந்த பிறகும்!

வீட்டுக்கு அனுப்பும் நாளில் எல்லோரும் வந்தார்கள். புதுச் சட்டை, புதுத் தொப்பி, வாழைப்பழம். நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, "யார் வாங்கிக்கிறீங்க?" என்றார். மாமியார் கையை நீட்டினார். சின்ன அத்தை போனைத் தூக்கிப் போட்டோவுக்குத் தயாரானார்.

"நீங்க இருங்க அத்தை" என்று சொல்லி நானே வாங்கினேன். வாங்கி, சுவரோரமாக மூத்தவளோடு நின்றிருந்த அண்ணியிடம் போனேன். "அண்ணி, இந்தாங்க."

பழக்க தோஷத்தில் அவர் ஒரு அடி பின்னால் போனார். எல்லோர் முகத்தையும் ஒரு முறை பார்த்தார். பிறகு, "இரும்மா, ஒரு நிமிஷம்" என்று சொல்லி வராந்தாக் கோடியில் இருந்த வாஷ்பேசினுக்குப் போனார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். விரல் இடுக்கு, நகக்கண், முழங்கை வரைக்கும் கழுவினார். நான் குழந்தையை ஏந்திக்கொண்டு காத்திருந்தேன். மாமியாரும் மாமனாரும் சின்ன அத்தையும் என் அம்மாவும் அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். இத்தனை நாளில் என் பிள்ளையைத் தூக்க வந்தவர்களில் ஒருத்தர்கூட அதைச் செய்ததில்லை.

"ஈரம் காயட்டும்மா, குழந்தைக்குச் சில்லுனு இருக்கும்" என்று அண்ணி கைகளை முன்னால் நீட்டியபடியே நடந்து வந்தார்.